சந்திரதாலா, சோ மோரிரியா? சிங்கப்பூரிலிருந்து கிளம்புவோருக்கு

குளிர்பாலையில் நாலாயிரம் மீட்டருக்கு மேல் ஓர் ஏரி, பக்கத்தில் கூடாரம் என்று திட்டம் போடுவோர் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்கள். ஒன்று இமாசலத்தின் ஸ்பிதியில் உள்ள சந்திரதால், சுமார் 4,250 மீட்டர். மற்றது லடாக்கின் சோ மோரிரி, 4,500 மீட்டருக்குச் சற்று மேல். பாங்கோங்கும் பேச்சில் வரும். அது வண்டியில் போய்ப் பார்த்துத் திரும்ப ஏற்ற ஏரி, நடக்க விரும்புவோர் விட்டுவிடலாம்.

படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதல் நாலைந்து இரவுகள் எந்த உயரத்தில் தூங்கப் போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள், முடிவு தானாக வரும். புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மாடிப்படிகளில் எட்டுக் கிலோ பையோடு ஏறி இறங்குவது காலுக்கும் மூச்சுக்கும் நல்லது. ஆனால் உயர நோயிலிருந்து (மெல்லிய காற்றுக்கு உடல் பழகுமுன் ஏறுவதால் வரும் தலைவலி, வாந்தி போன்றவை) அது காப்பாற்றாது. உடல் வலு உள்ளவர்கள் வேகமாக ஏறி முதலில் படுத்துவிடுவதும் உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏறாமலிருப்பதே பாதுகாப்பு.

சந்திரதாலில் பலர் சறுக்குவது இங்கேதான். மணாலி 2,050 மீட்டர். அடல் சுரங்கம், கிராம்ஃபூ, சத்ரு, பாத்தல் வழியாக ஒரே நாளில் ஏரிக்குப் போய்விடலாம் என்பதால் ஒரே மூச்சில் 2,200 மீட்டர் ஏறிவிடுகிறார்கள். மாலையில் தலைவலி, இரவில் வாந்தி. உடனே இறங்க வேண்டிய நேரம் அது, ஆனால் இருட்டில் அந்தச் சாலையில் இறங்க முடியாது. சத்ருவுக்கும் பாத்தலுக்கும் இடையே ஓடைகள் சாலையின் மேலேயே ஓடுகின்றன. காலையில் டயர் நனையும் அளவு தண்ணீர்; வெயிலில் பனி உருகி, பிற்பகலில் வண்டியையே நிறுத்திவிடும். எந்தத் திசையில் போனாலும் நண்பகலுக்குள் கடந்துவிடுங்கள். 2023 ஜூலையில் பனியும் மழையும் வழியை அடைத்தபோது ஏறத்தாழ 300 பேர் அங்கே சில நாள் சிக்கிக்கொண்டார்கள்.

சந்திரதாலுக்கு முறையான வழி, ஹம்ப்தா கணவாய் நடை. சுமார் 3,100, 3,600 மீட்டர்களில் தங்கி, 4,270 மீட்டர் கணவாயைக் கடந்து சத்ருவுக்கு இறங்கியபின் வண்டியில் ஏரிக்குப் போகலாம். அதற்குள் உடல் பழகியிருக்கும். சிம்லா, கல்பா, நாகோ, காசா வழியும் உடம்புக்கு நல்லது. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். ரெக்காங் பியோவுக்கு அப்பால் எல்லைப் பகுதியில் சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு அனுமதிச் சீட்டும் வேண்டும்.

சோ மோரிரிக்கு முதல் அடிதான் கடினம். டெல்லியிலிருந்து விமானம் காலையிலேயே 3,500 மீட்டர் லேயில் இறக்கிவிடும். அங்கே மூன்று இரவுகள், முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள். பிறகு சிந்துக் கரையில் சுமார் 4,000 மீட்டரில் சுமதாங், மறுநாள் ஏரிக்கரைக் கிராமமான கோர்சோக். குறை ஒன்று உண்டு: கோர்சோக்கில் நோய் முற்றினால் சுமதாங்குக்கு இறங்கவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், லே மருத்துவமனை 200 கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்புமுன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். விரல்கள் மரத்துக் கூசுவது மருந்தின் வேலை, பயம் வேண்டாம்.

அனுமதியிலும் சோ மோரிரிக்கு வேலை அதிகம்: வெளிநாட்டுக் கடப்பிதழ் என்றால் லேயில் பதிவுபெற்ற முகவர் வழியாகத்தான். இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருப்போருக்கு நடைமுறை வேறு, எளிது.

கரையிலேயே கூடாரம் என்ற கனவு இரண்டிலும் நடக்காது. இரண்டுமே ராம்சர் ஈரநிலங்கள், அதாவது ராம்சர் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை (சோ மோரிரி 2002, சந்திரதால் 2005). சந்திரதாலில் முகாம்கள் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. சோ மோரிரியில் கோர்சோக்கை ஒட்டி. கருங்கழுத்துக் கொக்கும் வரித்தலை வாத்தும் அங்கே கரையோரம் கூடு கட்டுவதால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. நடைக்கு சோ மோரிரிதான்: ரும்ட்சேயிலிருந்து ஏழெட்டு நாளில், 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள் வழியாக நடந்தே ஏரிக்கு வரலாம்.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் போடும் கூடாரத்தை எடுத்துப் போகாதீர்கள். உள்சுவர் முழுக்க வலை. பிற்பகல் காற்று புழுதியை அதன் வழியே படுக்கைக்குள் கொட்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் கட்டிவைத்த கூடாரமென்றால் வெளித்துணியின் உட்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ செதிள் செதிளாக உரிந்தாலோ பூச்சு போய்விட்டது, மழையைத் தாங்காது. தூக்கப்பையில் ‘கம்ஃபர்ட்’ எண் (வசதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை) மைனஸ் 5 டிகிரி அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். ‘லிமிட்’ எண்ணை (சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை) பார்த்து வாங்குவோர்தான் விடிய விடிய நடுங்குகிறார்கள். குழல்வகை நீர்வடிகட்டி ஒருமுறை உறைந்தாலே உள்ளே விரிசல் விடக்கூடும், வெளியே தெரியாது. இரவில் அதைத் தூக்கப்பைக்குள் வைத்துத் தூங்குங்கள். சோ மோரிரி நீர் உவர்ப்பு, ஓடைநீரை எடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதிப்பதால் திறந்த பாத்திரத்தில் சோறு வேகாது; குக்கர் இல்லையென்றால் அவல், சேமியா. செயற்கைக்கோள் தொலைபேசியோ இன்ரீச் போல செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியோ வேண்டாம்: இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம்.

ஜூன் பள்ளி விடுமுறை என்றால் சோ மோரிரி. சந்திரதால் சாலை ஜூனில் எப்போது திறக்கும் என்பதை நம்பி டிக்கெட் போட முடியாது. செப்டம்பரில் பத்து நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் ஹம்ப்தாவும் சந்திரதாலும். செப்டம்பர்ப் பள்ளி விடுமுறை ஒரு வாரமே. இரண்டுக்கும் போதாது, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். லேயிலிருந்து திரும்பும் விமானம் வானிலையால் ரத்தாவது சாதாரணம் என்பதால், டெல்லியில் ஓர் இரவு விட்டு சிங்கப்பூர் விமானத்தைப் பதிவு செய்யுங்கள்.