‘நெட்வொர்க் கார்டு அவுட் சார்’: வைரஸுக்குப் பிறகு நெட் வராதவர்கள் கவனத்துக்கு

வைரஸ் கிளீனிங் 600. ஓஎஸ் லோடிங் 800. விண்டோஸ் லைசென்ஸ் 1,500. நெட்வொர்க் கார்டு 1,350. ஆன்டிவைரஸ் 900. இதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 927. ஆகமொத்தம் 6,077 ரூபாய்.

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் பண்ணும் ஒருவருக்கு வேலூர் டவுன் கடையொன்றில் எழுதித் தந்த பில் இது. லேப்டாப்பில் வைரஸ் ஏறியிருந்தது. வீட்டுப் பையன் ஆன்டிவைரஸ் ஓட்டி அதை எடுத்துவிட்டான். வைரஸ் போனது, அன்றைக்கே நெட்டும் போனது. கடையில், “கார்டு அவுட் சார், போர்டுக்கும் போயிருக்கும், நல்ல வேளை சீக்கிரம் கொண்டுவந்தீங்க” என்றார்களாம். கடைப் பெயர் இங்கே வேண்டாம். பில்லைப் பிரித்துப் பார்த்தாலே போதும்.

கடைக்குப் போகும் முன் அவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்: திரையை மொபைலில் படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படத்தில் வலது கீழ் மூலையில் வைஃபை குறி முழுசாக இருக்கிறது. நடுவில் குரோம் சொல்லும் செய்தி, ‘எர்ர் ப்ராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்ட்’. அதாவது கார்டு மோடத்தைப் பிடித்திருக்கிறது, பிரவுசருக்குத்தான் வழி தப்பியிருக்கிறது. நோய் என்ன என்று கம்ப்யூட்டரே எழுதிக் காட்டிய பிறகும் கார்டு மாற்றியிருக்கிறார்கள்.

ப்ராக்ஸி என்பது பிரவுசர் நெட்டுக்குப் போகும் வழியில் நடுவே நிற்கும் இடைத்தரகர். சில வைரஸ்கள் உள்ளே வந்ததும் அந்த ப்ராக்ஸி முகவரியை 127.0.0.1 என்று மாற்றிவிடும். அது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த முகவரி. வைரஸ் அங்கே உட்கார்ந்துகொண்டு, நீங்கள் பார்க்கும் பக்கங்களையெல்லாம் தன் வழியாக அனுப்பும். ஆன்டிவைரஸ் அதைத் தூக்கிவிடும், ஆனால் மாற்றி எழுதிய முகவரியைப் பல நேரம் அப்படியே விட்டுவிடும். பிறகு பிரவுசர் தட்டுவதெல்லாம் ஆள் காலி பண்ணிப்போன வீட்டுக் கதவை.

இது புதுசும் இல்லை. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் உலகம் முழுக்க 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ் முகவரியை மாற்றி வைத்திருந்தது. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் கும்பல் பிடிபட்டது. அவர்களுடைய சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் நின்றுவிடும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓட்ட வேண்டியிருந்தது. கும்பல் சிறைக்குப் போன பிறகும் செட்டிங் அப்படியேதான் இருந்தது.

ஆகவே கார்டைச் சந்தேகப்படும் முன் ஒரே ஒரு சோதனை. கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் ‘பிங்’ என்று அடித்து, இடம் விட்டு 8.8.8.8 போட்டு என்டர் தட்டுங்கள். ‘ரிப்ளை ஃப்ரம் 8.8.8.8’ என்று நான்கு வரி வந்தால் கார்டு, கேபிள், மோடம், லைன் எல்லாம் நன்றாக இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் கார்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். பிங் ப்ராக்ஸி வழியாகப் போவதில்லை. அதனால்தான் பிரவுசர் செத்துக் கிடந்தாலும் பிங் பதில் சொல்லும். அடுத்து அதே பிங்கை எண்ணுக்குப் பதில் கூகுள் டாட் காம் என்ற பெயருக்கு அடியுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையா, கோளாறு டிஎன்எஸ்ஸில். இரண்டுக்கும் வந்தும் பிரவுசர் மட்டும் திறக்கவில்லையா, பெரும்பாலும் ப்ராக்ஸி.

ப்ராக்ஸிக்கு: செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி. அங்கே ‘யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்’, ‘யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்’ இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். ஒரு நிமிட வேலை. ரீஸ்டார்ட் செய்ததும் அது தானாகவே மறுபடி ஆன் ஆகியிருந்தால் வைரஸ் இன்னும் போகவில்லை, எதுவோ உள்ளே இருந்துகொண்டு திரும்பத் திரும்ப எழுதுகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓட்டுங்கள். விண்டோஸ் எழும் முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பதும் சிக்கும். சுமார் 15 நிமிடம் பிடிக்கும், இலவசம்.

டிஎன்எஸ்ஸுக்கு: விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் ‘என்சிபிஏ டாட் சிபிஎல்’ அடித்து, உங்கள் வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபி வெர்ஷன் 4-ஐத் திறந்து, டிஎன்எஸ் முகவரியைத் தானாக எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாற்றுங்கள். வீட்டில் உள்ள போன்களிலும் கண்ட விளம்பரப் பக்கம் வந்தால் மாறியிருப்பது மோடத்தின் டிஎன்எஸ். உடனே பின்னை எடுத்து மோடத்தின் ரீசெட் ஓட்டையில் குத்தாதீர்கள். கேபிள்காரர் போட்டு வைத்த யூசர்நேமும் விலான் நம்பரும் அழிந்துபோகும், அவர் வந்து திரும்பப் போடும்வரை லைனே இருக்காது. அவருக்கு போன் போட்டு அந்த விவரங்களை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு தொடுங்கள். அப்படியே மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

மற்ற தளமெல்லாம் வந்து ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பாருங்கள். எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் பட்டியல் அது. சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்ற வரிசையில் போனால் கிடைக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பாருங்கள். சுத்தமான ஃபைலில் எல்லா வரியும் # குறியோடுதான் தொடங்கும். நீங்கள் எழுதாத வரி ஏதாவது அந்தக் குறி இல்லாமல் இருந்தால் அழித்துவிடலாம்.

பிங்கே போகவில்லை, அதுவும் வைரஸை நீக்கிய கையோடு என்றால் வின்சாக் உடைந்திருக்கலாம். நெட்டுக்குப் போகிற ஒவ்வொரு செய்தியும் கைமாறிக் கைமாறிப் போகும் சங்கிலி அது. வைரஸ் அதில் தன்னையும் ஒரு கண்ணியாகச் செருகியிருக்கும். அதன் ஃபைலை அழித்தால் சங்கிலி அறுந்துவிடும். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’, பிறகு ‘நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட்’. எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இடம். ரீஸ்டார்ட் கட்டாயம். அதைச் செய்யாமலே ‘கமாண்ட் வேலை செய்யலை’ என்பவர்கள்தான் அதிகம். இரண்டாவது கமாண்ட், கையால் போட்ட ஐபி எண்ணையும் அழித்துவிடும். பில்லிங் பிரின்டர், சிசிடிவி இருக்கும் கடைகளில் எண்ணைக் குறித்துக்கொண்டு அடியுங்கள்.

இனி அந்த 1,350 ரூபாய் கார்டு. லேப்டாப்பின் பக்கவாட்டில் பார்த்தால் விரல் நகம் அளவு யுஎஸ்பி டாங்கிள், கம்பெனிப் பெயர்கூடக் கிடையாது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்ஸ் வரிசையைப் பார்த்தால், கெட்டுப்போனதாகச் சொன்ன பழைய வைஃபை கார்டு அங்கேயே இருக்கிறது. அதன் ஐகான் மேல் கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறி. அந்த அம்புக்குக் கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை. டிஸேபிள் செய்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ரைட் கிளிக், எனேபிள். டாங்கிளைப் பிடுங்கிய பிறகும் நெட் ஓடுகிறது. ஓஎஸ் லோடிங்குக்காக ஃபார்மட் அடித்தவுடனேயே பழைய கார்டு வேலை செய்திருக்கும். அதை அமுக்கி வைத்துவிட்டு டாங்கிளை விற்றிருக்கிறார்கள்.

லைசென்ஸ் விஷயம் இதைவிட மோசம். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் அது. அதே எடிஷனைத் திரும்பப் போட்டால் நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும், ஒரு பைசா வேண்டாம். ரன் பெட்டியில் ‘எஸ்எல்எம்ஜிஆர்’ அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு ‘எக்ஸ்பிஆர்’ என்று அடித்தால் நிரந்தர ஆக்டிவேஷனா என்று சொல்லும். இவருடையதில் அடுத்த ஆறு மாதத்துக்குள் முடியும் தேதி வந்தது. 180 நாள் கணக்கு கம்பெனிகளுக்கான கேஎம்எஸ் என்ற ஆக்டிவேஷன் முறை. வீட்டு லேப்டாப்பில் அது வந்தால் திருட்டு ஆக்டிவேட்டர் ஓட்டியிருக்கிறார்கள். டிஃபெண்டர் அதைப் பிடிக்காமலிருக்க எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் ஒரு ஃபோல்டரையும் சேர்த்து வைத்திருந்தார்கள். வைரஸ் எடுக்கக் கொடுத்த மெஷினில் வைரஸுக்கு வாசலைத் திறந்து வைத்து, அதற்கு 1,500 ரூபாய். ரிப்பேர் முடிந்து வரும் எந்த லேப்டாப்பிலும் இந்தப் பட்டியலைப் பாருங்கள், காலியாக இருக்க வேண்டும்.

காசு போனதுகூடப் பரவாயில்லை. “டி டிரைவைத் தொடலை சார், டேட்டா சேஃப்” என்றார்கள். டேலி ப்ரைம் சாஃப்ட்வேரில் எழுதும் வியாபாரக் கணக்கு, இடத்தை மாற்றி வைக்காவிட்டால், சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டேலிப்ரைம், டேட்டா என்ற ஃபோல்டரில்தான் இருக்கும். ஃபார்மட்டில் அதுதான் முதலில் போகும். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், அதன் மேல் எதையும் எழுதாமல் ரெக்கவரிக்குக் கொடுத்துப் பார்க்கலாம். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தைத் துடைத்துவிடும் ட்ரிம் ஓடிவிடும், நம்பிக்கை வேண்டாம். ஃபார்மட் என்ற சொல் காதில் விழுந்தால், முதலில் அந்த ஃபோல்டரை பென் டிரைவில் காப்பி எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள்.

பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். 15 இலக்கம், தமிழ்நாட்டுக்கு 33-இல் தொடங்கும். பதிவு இல்லாத கடை வரி வசூலிக்கவே கூடாது. எண்ணை ஜிஎஸ்டி போர்ட்டலில் லாகின் இல்லாமலே சரிபார்க்கலாம். இந்தப் பில்லில் எண் இல்லை. புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வியாபாரத்துக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால் எதிர்த்தரப்பு ‘இவர் நுகர்வோரே இல்லை’ என்று வாதாடும். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

ஜிஎஸ்டி எண் எங்கே என்று கேட்டதும் 927 ரூபாய் திரும்பி வந்தது. டிஸேபிள் அம்பைப் படம் பிடித்துக் காட்டியதும் டாங்கிளை வாங்கிக்கொண்டு 1,350 கொடுத்தார்கள். ஃபார்மட்டில் போன டேலி கணக்கு மட்டும் திரும்பி வரவில்லை. ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் ஏற்றிய மொத்த வியாபாரிகளின் பில்களைப் போர்ட்டலிலிருந்து பார்த்துப் பார்த்து டேலியில் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறார். சில்லறை விற்பனைக்கு அங்கே மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது.