மார்த்தாண்டத்தில் எடுத்த காது அளவு

நாகர்கோவிலில் இசைக்கருவி விற்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடுகிறவனின் காதுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் சிறு பாகம்) எண்ணிக்கையைச் சொல்லி இன்-இயர் மானிட்டர், அதாவது மேடையில் தன் பாட்டைத் தானே கேட்கக் காதுக்குள் மாட்டும் கருவி, விற்காதீர்கள். இந்த முறை ஊருக்குப் போனபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்த ஒரே இடம் அப்படிப்பட்ட ஒரு கடைதான்.

பர்மிங்காமில் எங்கள் தமிழ்ச் சபைப் பாடகர் குழுவில் பாடுகிறேன், பேஸ் கிட்டாரும் வாசிக்கிறேன். காலடியில் அலறும் மானிட்டர் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, என் காதின் வடிவத்துக்கே செய்த இன்-இயருக்கு மாற நினைத்தேன். அதற்குச் சிலிகானில் காது அச்சு எடுக்க வேண்டும். அச்சு எடுக்கும் முன் காதில் குறும்பி இருக்கக் கூடாது. இங்கிலாந்தில் குறும்பி எடுப்பதே பெரும் பாடு. பல பொது மருத்துவர்கள் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். தனியாரிடம் பணம் கட்டி, தேதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். ஊரில் காலையில் டோக்கன் எடுத்தேன், மதியச் சாப்பாட்டுக்கு முன் காது சுத்தம்.

அந்த உற்சாகத்தோடு கடைக்குப் போனேன். அச்சும் அவர்களே எடுத்து அனுப்புவார்களாம். "பன்னிரண்டு டிரைவர் உள்ளதை எடுங்கள் தம்பி, நான்கெல்லாம் பழைய காலம்" என்றார் உரிமையாளர். பேசிக்கொண்டே சிலிகானைப் பிசைந்து சிரிஞ்சில் அடைத்து, நேராக என் காதருகே கொண்டுவந்தார். ஒளி பாய்ச்சிப் பார்க்கவில்லை. "நூல் கட்டிய பஞ்சு எங்கே அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அது தேவையில்லை, எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கிறேன்" என்றார். அந்தப் பஞ்சுதான் சிலிகானுக்கும் செவிப்பறைக்கும் நடுவே நிற்கும் ஒரே தடுப்பு. அது இல்லாமல் பசை உள்ளே ஓடிச் செவிப்பறையில் ஒட்டிக்கொண்டால், எடுக்க அறுவை சிகிச்சை வரைக்கும் போக நேரிடலாம். நான் எழுந்து வந்துவிட்டேன். டிசம்பர் மாதம், மாவட்டம் முழுக்கக் கேரல் பாடும் பிள்ளைகள் இருக்கும் ஊர் இது. அவர்களில் எத்தனை பேர் அந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்ற எண்ணம் வடசேரி பஸ் நிலையம் வரும்வரை என்னை விடவில்லை.

எண்ணிக்கைப் பேச்சும் தவறானது. பன்னிரண்டு டிரைவர் என்றால் பன்னிரண்டு வெவ்வேறு வேலை என்று பொருளல்ல; ஒரே தொனிப் பகுதிக்கு இரண்டு, நான்கு என்று சேர்த்து வைப்பார்கள். அவற்றுக்குள் ஒலியைப் பங்கிடும் கிராஸோவர் சரியாக அமையாவிட்டால் குரலே கலங்கிவிடும். டைனமிக் டிரைவர் சுருளும் காந்தமும் சவ்வும் கொண்டது. காற்றை நன்றாகத் தள்ளும், அதனால் கீழ்த்தொனிக்கு உடம்பு கிடைக்கும். பேலன்ஸ்டு ஆர்மெச்சர் மிகச் சிறியது. காந்தங்களின் நடுவே சமநிலையில் நிற்கும் மெல்லிய உலோக நாக்கு அசைந்து ஒலி எழுப்பும். குரலின் நுணுக்கத்துக்கு அது நல்லது. எலெக்ட்ரோஸ்டாட்டிக் வகைக்கு மின்னழுத்தத்தை உயர்த்தச் சிறு டிரான்ஸ்ஃபார்மரும் உள்ளே வேண்டும். பெரும்பாலும் உச்சத்தொனிக்கு மட்டுமே அதை வைக்கிறார்கள். இத்தனையும் இருந்தும் காதோடு ஒட்டும் இடத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். அச்சு மோசமென்றால் எத்தனை டிரைவர் வைத்தும் பயனில்லை.

மார்த்தாண்டத்தில், மேம்பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காது கேட்கும் கருவி பொருத்தும் சிறிய மையம் ஒன்று. அச்சு எடுக்க அங்கே போனேன். பெஞ்சில் வயதானவர்கள். பக்கத்திலிருந்த பாட்டி என் கையைப் பிடித்து, "இந்த வயதிலேயே உனக்கும் கேட்காதா மக்களே?" என்று வருந்தினார். பர்மிங்காம் காத்திருப்பு அறையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்தக் கேள்விக்காகவே நான் அங்கே இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.

அச்சு எடுத்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேலன்ஸ்டு ஆர்மெச்சர் என்றதும், "எங்கள் கருவியில் இருக்கும் ரிசீவர்தானே அண்ணா?" என்று மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது. அவர் சொன்னது முழு உண்மை. அந்தத் தொழில்நுட்பம் காது கேட்கும் கருவியிலிருந்துதான் மேடைக்கு வந்தது. 1995-இல் அமெரிக்க ராக் இசைக்குழுவான வான் ஹேலனின் ஒலிப்பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, அதன் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்கு இன்-இயர் செய்துகொடுத்ததில்தான் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனமே தொடங்கியது. இந்தச் சின்னப் பெட்டிகளைத் தினமும் கையாளும் பெண் மார்த்தாண்டத்தில் இருக்கிறார். இசைக் கடையில் யாருக்கும் அது தெரியவில்லை.

ஒளி பாய்ச்சி இரண்டு காதையும் பார்த்தார். நூல் கட்டிய பஞ்சைக் காதுக்குழாயின் இரண்டாம் வளைவைத் தாண்டி வைத்து, மறுபடி பார்த்தார். "நீங்கள் பாடுகிறவர், வாய் திறந்தபடி எடுக்க வேண்டும்" என்று பற்களுக்கிடையே ஒரு கட்டையைக் கொடுத்தார். இதை நான் சொல்லவில்லை, அவராகவே சொன்னார். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமே மாறும். வாய் மூடி எடுத்த அச்சில் செய்த கருவி, உச்சஸ்தாயி பாட வாய் திறந்ததும் தளர்ந்துவிடும். சிலிகான் இறுகும்வரை அசையாமல் இருக்கச் சொல்லி, அவரும் பக்கத்திலேயே நின்றார். வெளியே எடுத்ததும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது அச்சில் சிறு காற்றுக்குமிழ். நான் கவனிக்கவே இல்லை. "இது வேண்டாம் அண்ணா" என்று ஒதுக்கிவிட்டு மறுபடி எடுத்தார். இரண்டாவது முறைக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

கிளம்பும்போது ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பா ஒன்றையும் தந்தார். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். ஈரமும் குறும்பியும் ரிசீவரை எப்படிக் கெடுக்கும் என்று அவர் தினமும் பார்க்கிறார். இரவில் கழற்றி இதில் வையுங்கள், முனையைத் துடைக்காமல் வைக்காதீர்கள் என்றார்.

தயாரிப்பாளர் அந்த அச்சை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். கீழ்த்தொனிக்கு டைனமிக் ஒன்று, மேலே ஆர்மெச்சர் நான்கு. எனக்கு அது போதும். வாய் முழுக்கத் திறந்து பாடினாலும் பேஸ் நிற்கிறது. வெளிச்சத்தம் அடைபடுவதால் ஒலியளவை நன்றாகக் குறைத்துவிட்டேன். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும். ஆகவே குறைத்த ஒவ்வொரு அளவும் என் காதுக்கு லாபம்.

டிசம்பரில் ஊருக்குப் போகிற பாடகர்கள் அச்சு எடுக்கும் வேலையை முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். 3ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. நாகர்கோவிலைக் கடந்து போவதற்கே பாதி நாள் ஆகும்.