தாய்லாந்தில் ஆசிரியர் வேலை: ஏஜென்சிக்கு 43,000 பாட் அழுத கதை

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே கைபேசியைத் திறந்தால் அதே விளம்பரம். "தாய்லாந்து அரசுப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியர் உடனடித் தேவை. மாதம் 30,000 பாட். விசா, ஒர்க் பர்மிட் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." கூடவே ஒரு பள்ளியின் நுழைவாயில் படம். மே முதல் செப்டம்பர் வரை தினமும் காலை ஏழரைக்கு நான் கைகூப்பி நின்ற அதே வாசல். என்னுடைய 43,000 பாட்டை விழுங்கி முழுசாக இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்த ஆளுக்கு வலை. கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் ஏழெட்டு விஷயம் வரிசையாகச் சொல்கிறேன்.

பெயர் போட மாட்டேன். இந்த நாட்டில் அவதூறு என்பது கிரிமினல் குற்றம், சிறை வரை போகும். வெளிநாட்டு ஆசிரியர்களைப் பிடித்துப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஒரு ஏஜென்சி, அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் விழுந்த இடத்தை மட்டும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏஜென்சியில் எங்களைப் போன்றவர்களிடம் பேசுவதற்கென்று தமிழ் பேசும் ஒரு அக்கா இருந்தார். முதல் வீடியோ அழைப்பில் அவருடைய முதல் வார்த்தையே "சாப்டியாம்மா?" என்பதுதான். அப்புறம் ஒரு மணி நேரம் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். வேலைக்கு வருபவர்களுக்கான நான்-பி என்ற விசா வேண்டும், ஆசிரியர் உரிமம் இல்லாதவர்களுக்குக் குருசபா தற்காலிக அனுமதி தர வேண்டும், அதன் பிறகு ஒர்க் பர்மிட். ஆசிரியர்களுக்கான அமைப்புக்கு இங்கே உண்மையிலேயே குருசபா என்றுதான் பெயர். அதைக் கேட்டதுமே பாதி மயங்கிவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, பிறகு நானே சரிபார்த்தேன். சொன்னதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

"இதுக்கெல்லாம் சேர்த்து 18,000 ஆகும்மா. நீ என் தங்கச்சி மாதிரி, மத்தவங்ககிட்ட 25,000 வாங்குறோம்." அன்று இரவே அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு லைன் செயலியில் குனிந்து வணக்கம் சொல்லும் ஒரு கரடி ஸ்டிக்கர் வந்தது. நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். ஓராண்டு ஒர்க் பர்மிட்டுக்கு அரசுக் கட்டணம் 3,000 பாட், விண்ணப்பத்துக்கு 100 பாட் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

பள்ளி வடகிழக்குத் தாய்லாந்தில், உடோன் தானி பக்கம். பள்ளியைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை. எட்டு மணிக்குக் கொடியேற்றம், நாட்டுப்பண். வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். ஆசிரியரைக் 'க்ரூ' என்பார்கள், நம்முடைய குருதான். பாடம் ரத்தான செய்தி லைன் குழுவில் தாய் மொழியில் வரும், நாம் காலி வகுப்பில் போய் நிற்போம். கேட்டால் "மை பென் ராய்", அதாவது பரவாயில்லை. யாரையும் ஃபெயில் போடக் கூடாது, மறுதேர்வுக்கு மேல் மறுதேர்வு வைத்தாவது தேற்றிவிட வேண்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை 'வை க்ரூ' விழா. பிள்ளைகள் தட்டில் அருகம்புல், இட்லிப்பூ, கத்திரிப்பூ எல்லாம் அடுக்கிக்கொண்டு முழங்காலிலேயே நகர்ந்து வந்து ஆசிரியர்கள் முன்னால் வணங்குவார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தட்டை நீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அதிர்ந்தது. தாமதமாகிக்கொண்டிருந்த முதல் சம்பளம். 30,000 வர வேண்டிய இடத்தில் 25,000.

"அக்கா, 5,000 குறையுதே?"

"டெபாசிட்மா, ஒப்பந்தத்துல நாலாம் பக்கம் பாரு. செப்டம்பர் முடிஞ்சதும் மொத்தமா 25,000 கைக்கு வரும். சேமிப்புன்னு நெனச்சுக்கோ."

நாலாம் பக்கத்தில் இருந்தது. கையெழுத்தும் என்னுடையதுதான். நடுவில் வேலையை விட்டால் டெபாசிட் கிடையாது என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது.

நான் வந்தது விசா இல்லாமல் அறுபது நாள் தங்கலாம் என்ற சலுகையில். "முதல்ல வா, இங்க வந்து மாத்திக்கலாம்" என்றார் அக்கா. அறுபது நாள் முடிந்ததும் குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி முப்பது நாள் நீட்டினேன். அதுவும் முடியும் நேரத்தில், ஜூலையில், ஏஜென்சியிலிருந்து ஒட்டிய கவர் ஒன்று வந்தது. லாவோஸ் போய் அங்கிருந்தபடி தாய் தூதரகத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் நான்-பி விசா கிடைத்துவிடுமாம்.

எல்லை ஊரான நோங் காய் போய், மேகோங் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி லாவோஸ் தலைநகர் வியந்தியான் போனேன். விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றித் தரும் கடையில் இருந்தவர் கவரைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கல்வித் துறையின் ஒப்புதல் கடிதம் இல்லை. ஒர்க் பர்மிட்டுக்கு விண்ணப்பித்ததற்கான சீட்டும் இல்லை. கடைசித் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்து, அதில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்தார். பட்டச் சான்றிதழ் நகல்தான், ஆனால் யாரோ ஒரு ஆணுடையது. எனக்கு முன்னால் ஏமாந்தவராக இருக்கும்.

அப்போதே விட்டிருக்க வேண்டும், தெரியும். ஆனால் 18,000 போயிருந்தது, டெபாசிட்டும் ஏறிக்கொண்டிருந்தது, விட்டால் ஒன்றும் வராது. விட்டதைப் பிடிக்கலாம் என்று சீட்டாட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் கதைதான். அதே பாலத்தில் திரும்பி, மறுபடி சுற்றுலாப் பயணியாக நுழைந்து, மறுநாள் காலை ஏழரைக்கு வாசலில் நின்றேன்.

அதன் பிறகு சாக்குகள். ஜூலையில் பள்ளி இயக்குநர் ஊரில் இல்லையாம், கையெழுத்து நிற்கிறதாம். ஆகஸ்டில் அன்னையர் தின விடுமுறை. செப்டம்பரில் கணக்குப் பார்ப்பவர் மாறிவிட்டார். 'தங்கச்சி' மெல்ல 'டீச்சர்' ஆகி, பிறகு 'மேடம்' ஆகிவிட்டது. செய்தியைப் பார்த்துவிட்டதாகக் காட்டும், பதில் வராது. ஒருமுறை வந்தது. தூங்கும் கரடி.

பள்ளியில் துணை இயக்குநரிடம் போனேன். உட்காரச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் ஒப்பந்தம் ஏஜென்சியுடன், பள்ளியுடன் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முகம் கொஞ்சமும் மாறவில்லை. எனக்குக் கோபப்படக்கூட வழியில்லை.

அக்டோபரில் கடைசிச் சம்பளமும் 5,000 குறைந்துதான் வந்தது. டெபாசிட் வரவில்லை. பதினேழு தடவை அழைத்த பிறகு அக்கா எடுத்தார். குரலில் அலட்டலே இல்லை. "நீங்க பர்மிட் இல்லாம அஞ்சு மாசம் வேலை பாத்திருக்கீங்க மேடம். புகார் கொடுத்தா அபராதம் உங்களுக்கும்தான்."

அதுவும் உண்மைதான். பர்மிட் இல்லாமல் வேலை செய்பவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாட்டை விட்டு அனுப்பவும் செய்வார்கள். வேலை கொடுத்தவருக்கு ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 வரை. ஆனால் அந்த பர்மிட்டுக்காகத்தானே உன்னிடம் 18,000 கொடுத்தேன்? இதைச் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். 18,000, டெபாசிட் 25,000, ஆக 43,000 பாட். கிட்டத்தட்ட ஒன்றரை மாதச் சம்பளம். நீட்டிப்புக் கட்டணமும் வியந்தியான் செலவும் இதில் சேர்க்கவே இல்லை.

சரி, எச்சரிக்கைகள். "முதலில் வா, பிறகு மாற்றிக்கலாம்" என்று யார் சொன்னாலும் வராதீர்கள், சுற்றுலா நுழைவில் வகுப்பறைக்குள் காலே வைக்காதீர்கள். பர்மிட்டுக்கு 3,100-க்கு மேல் கேட்டால் மீதி எதற்கு என்று கேளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு பாட் கூட வேண்டாம். டெபாசிட் என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே ஏற்கெனவே வேலை பார்த்த ஒருவரை நீங்களே தேடிப்பிடித்துப் பேசுங்கள், ஏஜென்சி கொடுக்கும் எண்ணில் வேண்டாம். தொழிலாளர் அமைச்சகத்தின் உதவி எண் 1506. நான் இன்னும் அழைக்கவில்லை, அபராத பயம்தான்.

ஏழெட்டு என்று சொன்னேன், இப்போது இவ்வளவுதான் வருகிறது. ஒன்பது மணிக்கு பாங்காக் பேருந்து, இன்னும் துணிகூட மடிக்கவில்லை. ஆங், இன்னொன்று. கவர் கொடுத்தால் வாங்கிய இடத்திலேயே பிரித்து, உள்ளே இருப்பது யாருடைய சான்றிதழ் என்று பார்த்துவிடுங்கள்.