பொய் சொல்லத் தெரிந்த பொம்மை: ‘லைஸ் ஆஃப் பி’ விளையாட்டு

கிராட் நகரத்தின் எலிசியன் பெருந்தெருவில், அடைத்துக் கிடக்கும் வீடொன்றின் சன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். உடலைக் கல்லாக்கும் கொள்ளைநோய் பிடித்திருப்பதால் வெளியே வர இயலாத அவள், தெருவில் போகும் நம்மை நிறுத்தி, காணாமற்போன தன் குழந்தையைத் தேடிக் கொண்டுவந்து தரும்படி கெஞ்சுகிறாள். தேடிப் போனால் கிடைப்பது உடைந்துபோன ஒரு குழந்தைப் பொம்மை. அதைக் கையில் வாங்கியதும், குழந்தை அழகாக இருக்கிறதா என்று அவள் கேட்கிறாள். அது வெறும் பொம்மை என்று உண்மையைச் சொல்லலாம், அல்லது அழகான குழந்தை என்று பொய் சொல்லலாம். பொய் சொன்னால் அவள் ஓர் இசைத்தட்டைப் பரிசாகத் தருகிறாள். அதை விடுதிக்குக் கொண்டுவந்து கிராமபோனில் போட்டுவிட்டு, பாட்டு முடியும்வரை எதுவும் செய்யாமல் நின்று கேட்டால், பொம்மையான நம் நாயகனின் உடலுக்குள் இருக்கும் சுருள்வில்கள் அசைவதாகத் திரையில் ஒரு வரி தோன்றி மறைகிறது.

தென்கொரியாவின் நியோவிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரவுண்ட்8 ஸ்டூடியோ, சோய் ஜி-வொன் இயக்கத்தில் உருவாக்கி, 2023 செப்டம்பரில் வெளியிட்ட, பினோக்கியோ கதையைத் தழுவிய ‘லைஸ் ஆஃப் பி’ என்னும் இந்த விளையாட்டின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கால ஐரோப்பாவைப் போன்ற நகரம், வாயு விளக்குகள், மழையில் மினுங்கும் கற்தெருக்கள், அங்கங்கே குவிந்து கிடக்கும் இயந்திரப் பொம்மைகளின் உடல்கள் என்று கண்ணுக்கு விருந்தானவை ஏராளம். ஆனால் அவற்றையெல்லாம் கட்டி நிறுத்தும் தூண் பொய்தான். கிராட் நகரத்துப் பொம்மைகள் நான்கு சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவை. பொம்மை பொய் சொல்ல முடியாது என்பது அவற்றுள் நான்காவது. அப்படியிருக்க, புகலிடமான கிராட் விடுதியின் கதவு, வந்திருப்பவன் மனிதனா பொம்மையா என்று கேட்கும்போது, ஜெப்பெட்டோ என்ற கைவினைஞர் செய்த, நம் நாயகனான இந்த ஒரு பொம்மை மட்டும் மனிதன் என்று சொல்லி உள்ளே நுழைந்துவிடுகிறது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யச் சொல்லும் வழக்குள்ள நமக்கு, பிறரை நோகடிக்காத பொய் மனிதத்தன்மையின் அடையாளம் என்ற எண்ணம் புதிதல்ல. அதை அறிவுரையாகச் சொல்லாமல் சின்னச் சின்ன மாற்றங்களால் உணர்த்துவதே இந்த விளையாட்டின் திறமை. விடுதியில் ஸ்பிரிங் என்றொரு பூனை இருக்கிறது. தொடக்கத்தில் நாம் அருகே போனாலே சீறும் அந்தப் பூனை, நாம் பொய் சொல்லிச் சொல்லி மனிதனாகிவரும்போது தானே இணங்கிக் கையில் வந்து சேர்கிறது. ஜெப்பெட்டோவின் அறையில் மாட்டியிருக்கும் சிறுவனின் ஓவியத்தையும் அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். நம் மூக்கு நீளுவதில்லை. அந்த ஓவியத்தின் மூக்கு நீளுகிறது.

மூலக்கதையை அறிந்தவர்களுக்கு இந்த விளையாட்டில் தனியாக ஒரு சுவை உண்டு. கார்லோ கொல்லோடி 1881-இல் இத்தாலியச் சிறுவர் இதழொன்றில் தொடராக எழுதத் தொடங்கிய பினோக்கியோவின் கதை, முதலில் அவன் மரத்தில் தூக்கிலிடப்படுவதோடு முடிந்துவிட்டது. வாசகர்கள் கேட்டுக்கொண்ட பிறகுதான் அது நீட்டிக்கப்பட்டது. அறிவுரை சொல்லும் பேசும் சில்வண்டையும் பினோக்கியோ சுத்தியலை எறிந்து கொன்றுவிடுகிறான். ஆகையால், குழந்தைக் கதையைப் பிடித்து இழுத்து இருட்டுக்குள் தள்ளிவிட்டார்கள் என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டால் அது சரியான குறை ஆகாது. இருட்டு அங்கேயே இருந்தது. இங்கே அந்தச் சில்வண்டு ஜெமினி என்ற பெயரில் நம் இடுப்பில் தொங்கும் விளக்குக்குள் இருந்துகொண்டு ஓயாமல் பேசுகிறது. மூலக்கதையின் நரியும் பூனையும் முகமூடி அணிந்த வேட்டைக்காரர்களாக வருகிறார்கள். பொம்மலாட்டக்காரன் மாஞ்சாபுவோக்கோவின் பெயரில் பாதியை எடுத்து, தொழிற்சாலையில் நெருப்பைக் கக்கும் ஒரு பெரும் இயந்திரத்துக்கு புவோக்கோ என்று வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டாக எடுத்துக்கொண்டால், இது சோல்ஸ் வகையைச் சேர்ந்தது. அதாவது, செத்துச் செத்துக் கற்றுக்கொள்ள வேண்டியது. எதிரியின் அடியை வெறுமனே தடுத்தால் கொஞ்சம் உயிர் குறையும், ஆனால் உடனே திருப்பி அடித்தால் இழந்ததை மீட்டுக்கொள்ளலாம். அடி விழும் அதே நொடியில் தடுத்தால் எதுவும் குறையாது. தொடர்ந்து அப்படித் தடுத்துவந்தால் எதிரி தடுமாறுவான், சில சமயம் அவன் கையிலிருக்கும் ஆயுதமே உடைந்துபோகும். அந்த உலோக ஓசையும், கையிலிருக்கும் கன்ட்ரோலரின் சிறு அதிர்வும் சேர்ந்து தரும் நிறைவுக்காகவே பல இரவுகள் தூக்கத்தை விட்டிருக்கிறேன். குணமாக்கும் மருந்து தீர்ந்துபோனாலும் எதிரியை அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு மருந்து மீண்டும் நிரம்பும் என்பது, தோல்வியின் விளிம்பில் பின்வாங்காமல் முன்னே போகத் தூண்டும் அருமையான ஏற்பாடு.

ஆயுதங்களைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆயுதங்களின் அலகையும் கைப்பிடியையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றிப் பொருத்தலாம். சேதத்தையும் எடையின் பெரும்பகுதியையும் அலகு தீர்மானிக்கிறது. எப்படி வீசுவோம், எந்தத் திறன் கூடினால் பலம் கூடும் என்பதைக் கைப்பிடி தீர்மானிக்கிறது. குழாய் திருகும் பெரிய ரெஞ்சு ஒன்றின் தலையைக் கழற்றி, காவலர் தடியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு பாதி விளையாட்டை முடித்தேன். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பொம்மைகளின் மண்டை அதற்குத் தாங்கவில்லை. சண்டைக்கு நடுவே ஆயுதம் மழுங்கும்போது இடக்கையில் வைத்துச் சாணை பிடிக்கவும் வேண்டும். எதிரி மூச்சு விடும் இரண்டு நொடிக்குள் பொறி பறக்கத் தீட்டிவிட்டு மறுபடி வாளை உயர்த்துவது, இந்த வகை விளையாட்டுகளில் வேறெங்கும் எனக்குக் கிடைக்காத சுகம்.

குறைகளுக்கு வருவோம். இங்கே எதிரிகளும் பொய் சொல்கிறார்கள்: ஓங்கிய கையை ஓங்கியபடியே நிறுத்தி, நாம் அவசரப்பட்டுத் தடுத்து முடித்த பிறகுதான் இறக்குகிறார்கள். ஓரிரு எதிரிகளிடம் இது நல்ல உத்தி. ஏறக்குறைய எல்லாப் பெரிய எதிரிகளிடமும் இதே தந்திரம் வரும்போது, உடலசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வேலை போய், ஒவ்வோர் அடியின் தாமதத்தையும் மனப்பாடம் செய்யும் வேலை வந்துவிடுகிறது. தேவாலயத்தில் வரும் பேராயர் ஆண்ட்ரியஸ் தொடங்கி, ஒருமுறை வீழ்த்தியதும் எழுந்து வேறு உருவில் மறுபடி தாக்குவோரின் வரிசையும் நீளம். பாதைகளும் நேர்க்கோட்டுப் பாதைகளே. சுற்றிவந்து பழைய கதவைத் திறக்கும் சுருக்கு வழிகள் உண்டென்றாலும், தொலைந்துபோகும் இன்பம் இல்லை. கடைசியில் வரும் மடாலயப் பகுதி தேவைக்கு மேல் நீளம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவற்றைவிட எனக்கு உறுத்தியது, பொய் என்னும் அந்த மையக் கருத்தே பல இடங்களில் எளிமையாகிவிடுவதுதான். அழும் பெண்ணிடம் சொல்லும் பொய்யில் உள்ள வலி, பிற உரையாடல்கள் எல்லாவற்றிலும் இல்லை. இரண்டு விடைகளில் எது அன்பானது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. பொய் சொல்லித் தீங்கு விளைவித்துவிட்டோமோ என்ற கலக்கத்தை இந்த விளையாட்டு அரிதாகவே தருகிறது. அந்தத் துணிச்சலையும் காட்டியிருந்தால் இதன் உயரம் வேறாக இருந்திருக்கும்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, இப்போது முன்பைவிட எளிதாக ஆம் என்று சொல்ல முடிகிறது. 2025 ஜூனில் ‘ஓவர்ச்சர்’ என்ற முன்கதை விரிவாக்கம் வந்தபோது, மூல விளையாட்டிலேயே மூன்று கடினநிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்த்தார்கள். வேலை முடிந்து ஒரு மணி நேரமே ஆடக்கூடியவர்கள் எளிய நிலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கதையும் நகரமும் அப்படியேதான் இருக்கின்றன. அடியைத் தடுத்துப் பழகும் சுகம் வேண்டுவோர் பழைய கடின நிலையிலேயே தொடங்குவது நல்லது. விரிவாக்கத்தைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதையும், மூல விளையாட்டில் ஒன்பதாம் அத்தியாயத்தை எட்டிய பிறகே அதற்குள் நுழைய முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒருமுறை முடித்துவிட்டு மூடி வைத்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். எஸ்தெல்லா ஒபரா அரங்கின் மேடையில் பொம்மைகளின் அரசன் நம்மைத் தாக்குவதற்கு முன்னால் ஒரு நாடகத்தை நடத்திக் காட்டி, கையசைத்து, எந்திரக் குரலில் ஏதோ சொல்ல முயல்கிறான். நமக்கு ஒரு சொல்லும் விளங்காமல் சண்டை தொடங்கிவிடுகிறது. இரண்டாம் சுற்றில் அதே மேடைக்கு வந்து நிற்கும்போது அவன் பேச்சு புரிகிறது. அவன் என்ன சொல்கிறான் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. முதல் சுற்றில் அதே பேச்சைப் பதினொரு முறை பொத்தானை அழுத்தித் தாண்டிவிட்டுத்தான் நான் அவனைக் கொன்றிருந்தேன்.