சௌகிட் இராணுவப் பொருள் கடை: எல்லைப் பணிக்குப் போன தம்பிக்கு வாங்கிய சப்பாத்து

மலேசியாவின் அஸ்கார் வத்தானியா சேமப்படையில் இருப்பவர்கள் மற்ற நாள்களில் நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள். அழைப்பு வந்தால் நிரந்தரப் படையினருக்குத் துணையாக நிற்க வேண்டியவர்கள். செந்தூலில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் என் தம்பிக்குக் கிளந்தான் எல்லையில் பணி என்று தெரிந்ததும், படையில் கொடுத்ததற்கு மேல் மாற்றுச் சப்பாத்து ஒன்று வாங்குவதற்காகக் கோலாலம்பூரின் சௌகிட் சந்தைக்குப் பக்கத்திலுள்ள இந்தக் கடைக்குப் போனோம்.

கிளந்தானின் எல்லை ஊரான ரந்தாவ் பாஞ்சாங்கில் நமக்கும் தாய்லாந்துக்கும் இடையே ஓடுவது சுங்கை கோலோக் ஆறு. ஆண்டிறுதிப் பருவமழையில் அது கரை தாண்டும் என்பதால், அங்கே ரோந்து போகிறவரின் கால் காய்வதே அரிது. தம்பி கேட்ட முழுத்தோல் சப்பாத்தைக் கடைக்காரப் பெரியவர் எடுத்துக்கூடக் காட்டவில்லை. "தோல் தண்ணியைக் குடிச்சா லேசுல காயாது, தம்பி" என்று சொல்லி, பக்கங்களில் கித்தானும், உட்புற வளைவில் நீர் வடியும் துளைகளும், சேறு ஒட்டாத ஆழமான அடிப்பாகமும் உள்ள ஒன்றைக் கொடுத்தார். அதையும் மாலையில் வந்து, கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்க்கச் சொன்னார்.

நான் மிகவும் மதிப்பது இன்னொன்றை. வேறொரு கடையில் முன்பு வாங்கிய புதுச் சப்பாத்தின் அடிப்பாகம் இரண்டாம் பயிற்சியிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாலியூரித்தேன் அடிப்பாகம் நம் ஊர்ப் புழுக்கத்தில், பயன்படுத்தாமல் பெட்டியில் கிடந்தாலும், சில ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்பதை இவர்தான் விளக்கினார். தயாரிப்புத் தேதியைக் காட்டிவிட்டே பணம் வாங்கினார். விலை 185 வெள்ளி (ரிங்கிட்). அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க முழங்கால் வரை போடும் காலுறைக்கு 25 வெள்ளி.

குறை இல்லாமல் இல்லை. உட்கார்ந்து போட்டுப் பார்க்க ஒரே முக்காலிதான். வாங்கியதை மாற்றித் தரமாட்டார்கள். 6ஆம் அளவுக்குக் கீழே இருப்பே இல்லை, சேமப்படையில் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சீருடைத் துணிக்குப் படை அடையாள அட்டையைக் கேட்பதைச் சிலர் குறை சொல்லக்கூடும். படைவீரர் அல்லாதவர், படைவீரர் என்று பிறர் நம்பும்படி அவ்வுடையை அணிவது தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவின்படி குற்றம். எல்லையில் அந்த உடையை நம்பித்தான் மக்கள் வண்டியை நிறுத்துகிறார்கள். எனவே அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே பட்டது.

மூன்று வாரம் கழித்துத் தம்பி திரும்பினான். சப்பாத்தில் ஒரு தையலும் விட்டிருக்கவில்லை. அட்டைக் கடித் தழும்புகள் முழங்காலுக்கு மேலே மட்டுமே இருந்தன.