வெளியே கிடக்கும் குடலுக்கு ஈரத்துணியா, பையா?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கேஸ்ட்ரோஸ்கைசிஸ் (வயிற்றுச் சுவரின் துளை வழியே குடல் வெளியே கிடக்கும் பிறவிக் குறை) உள்ள குழந்தை பிறந்தால், அறுவை சிகிச்சைக்கு வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்கோ, மேற்கே திருச்சூருக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். தொப்புளுக்கு வலப்புறத் துளை வழியே வந்த குடலை மூடச் சவ்வு இருக்காது. வண்டியில் அதை எப்படிப் பாதுகாப்பது?

சலைனில் (உப்புக் கரைசலில்) நனைத்த காஸ் துணி எந்தப் பிரசவ அறையிலும் கிடைக்கும். நல்லது அதோடு சரி. ஈரம் ஆவியாகும்போது குழந்தையின் சூட்டையும் கொண்டுபோகும். காய்ந்தால் குடலில் ஒட்டும், பிரிக்கும்போது கிழிக்கும். சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும். அடியில் குடல் கறுப்பதும் தெரியாது.

கிருமி நீக்கிய தெளிவான பை என்றால் கால்கள், குடல் எல்லாம் உள்ளே போக, அக்குளுக்குக் கீழே நாடாவைத் தளர்வாகக் கட்டலாம். சூடும் நீரும் தங்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிறம் பாருங்கள்; கருநீலமானால் குடலின் அடி முறுகியிருக்கிறதா, துளை நெரிக்கிறதா என்று பார்த்து நிலையை மாற்றி, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பைதான் என் தேர்வு. இல்லாவிட்டால் வெதுவெதுப்பான சலைன் காஸ், அதன் மேல் கிளிங் ஃபிலிம் (ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்).

எதுவானாலும் வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள், குடலுக்கு முட்டுக் கொடுங்கள். வாய்வழியே 8 பிரெஞ்ச் (தடிமன் அளவு) குழாய் போட்டு வயிற்றைக் காலி செய்யுங்கள், பால் கூடாது. உடல் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ்.

குடல் தொப்புள் வழியே சவ்வுக்குள் மூடியபடி வெளிவருவது ஆம்ஃபலோசீல்; அந்தச் சவ்வு கிழியாவிட்டால் இத்தனை அவசரமில்லை. அங்கே ரத்தச் சர்க்கரை இறங்குவதைக் கவனியுங்கள்.