முதலில் கொத்தா, முதலில் பியரா?

வெள்ளவத்தையில் வெள்ளி இரவு கூடினால் எங்களுக்குள் இதே வாதம்தான். வெறும் வயிற்றில் தொடங்குவதா, கொத்து ரொட்டியை முடித்துவிட்டா?

இரைப்பையில்:
வெறும் வயிறு – மதுசாரம் தங்காது. நேரே சிறுகுடலுக்கு இறங்கி மளமளவென்று இரத்தத்தில் சேரும்.
சாப்பிட்ட வயிறு – உணவு அதைப் பிடித்து வைக்கும். இரைப்பைச் சுவரிலுள்ள அற்ககோல் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியத்துக்கு அவகாசம் கிடைத்து, ஒரு சிறு பங்கை அங்கேயே அசற்றல்டிகைட் என்ற வேறு பொருளாக மாற்றும். சிறு பங்குதான், மச்சான்! பெரும்பாலான வேலை ஈரலுக்கு. பெண்களில் இந்த இரைப்பை நொதியத்தின் செயற்பாடு பொதுவாகக் குறைவு. உடலில் நீரின் பங்கும் குறைவு. அதனால் அதே அளவு குடித்தாலும் அவர்களின் இரத்தத்தில் கூடுதலாக ஏறும்.

வெறி:
வெறும் வயிறு – சீக்கிரம் உச்சம், உயரமான உச்சம்.
சாப்பிட்ட வயிறு – தாமதம், தணிவு.

செலவு: வெறும் வயிற்றுக்காரருக்கு மலிவாக ஏறும். பெருமைப்பட ஒன்றுமில்லை.

தெளிய: இங்கே கொத்து பெரிதாகக் கைகொடுக்காது. 625 மில்லிலீற்றர் போத்தல், 4.8 சதவீத பியர் என்றால் ஏறக்குறைய 24 கிராம் மதுசாரம். ஈரல் மணிக்கு 7, 8 கிராம்தான் கழிக்கும். மூன்று மணித்தியாலம் போய்விடும். பிளேன்டீ குடித்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

குடிப்பதென்றே முடிவெடுத்தவருக்குக் கொத்து முதலில். காலி வீதியில் பைக்கில் திரும்ப வேண்டியவருக்கு இரண்டு வரிசையும் சரிவராது, நெக்டோ மென்பானத்தோடு கொத்து.